மூடிய அலமாரி

நாற்றம் என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்து வழங்கியது. இன்று அச்சொல்லைக் கேட்டாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். சொல்லுக்கு நேர்ந்த இக்கதி வீட்டுப் பொருள்களுக்கும் நேர்வதுண்டு. ஒரு காலத்தில் மரமணம் கமழ்ந்த பெட்டியும் அலமாரியும் சில மழைக்காலங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தால், திறந்த மாத்திரத்தில் முகஞ்சுளிக்க வைக்கின்றன. அதிலும் எங்கள் குமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மண். ஜூன் தொடங்கி டிசம்பர் வரை காற்றில் ஈரம் குறையும் நாள்கள் சிலவே. பூசண வாடையை அறியாத வீடு இங்கே அரிது.

எங்கள் வீட்டில் அவ்வாடைக்கு உறைவிடமாக இருந்தது அம்மாவின் தேக்கு அலமாரி. 2019இல் அம்மா மறைந்தபின் அதைத் திறக்க எவருக்கும் மனம் வரவில்லை. சேலைகள் மடித்தது மடித்தபடியே கிடந்தன. 2021 நவம்பரில் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கிய பெருமழைக்குப் பின்னர், அறைக்குள் கால் வைக்கும்போதே மக்கிய வாடை எதிர்கொண்டது. அந்த அறையில்தான் எங்கள் ஏழு வயது மகள் உறங்குவாள். அவளுக்கு இளைப்பு உண்டு. அந்த மார்கழியில் இரவுதோறும் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடினாள். "பூசணம் பிடித்த சாமான் இருக்கும் அறையில் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள்" என்றார் மருத்துவர்.

குடும்பம் கூடிப் பேசியது. "பழைய மரச்சாமான் எடுக்கிற ஆளைக் கூப்பிடுவோம். கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடலாம்" என்றான் தம்பி. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அதுக்குள்ளதான் அம்மாவோட வாசம் இருக்கு. கழுவித் துடைச்சா அதுவும் போயிரும். யாரும் தொடக்கூடாது" என்றார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஒரு பக்கம் குழந்தையின் மூச்சு, மறுபக்கம் தாயின் நினைவு. விற்காமலும், அப்படியே விட்டுவிடாமலும், அந்த வாடையின் வேரைத் தேடிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

வேர் எது? பூசணத்தின் நுண்வித்துக்கள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவற்றைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால் அவை முளைப்பதற்கு ஈரம் வேண்டும். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் பல நாள்கள் நீடித்தால், மரமும் பருத்தியும் தோலும், ஏன் வெறும் தூசியுமே அவற்றுக்கு உணவாகிவிடும். கஞ்சி போட்ட துணி என்றால் விருந்து. அவை வளரும்போது வெளிவிடும் ஆவிகளையே நாம் வாடை என உணர்கிறோம். அவற்றுள் ஒன்று காளானின் மணத்துக்குக் காரணமான பொருள். மற்றொன்று ஜியோஸ்மின், மழை பெய்த மண்ணின் மணமும் இதனாலேயே. 1965இல் அறிவியலார் இதற்கு இப்பெயரைச் சூட்டினர். ஒரு லட்சம் கோடிப் பங்கு காற்றில் இது ஒரு சில பங்கே கலந்திருந்தாலும் மனித மூக்கு கண்டுகொள்ளும். முற்றத்தில் நம்மை மகிழ்விக்கும் அதே மணம் அலமாரிக்குள் எழும்போது எச்சரிக்கையாகிவிடுகிறது. வீட்டின் ஈரத்துக்கும் பூசணத்துக்கும் இளைப்பு நோயோடு தொடர்பு உண்டு என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் எடுத்துரைக்கிறது.

இந்த எச்சரிக்கைக்கு நாம் வழக்கமாகச் செய்வது என்ன? வேறொரு மணத்தைக் கொண்டு அதன் வாயை அடைப்பதுதான். வாசனைத் திரவம் தெளிக்கிறோம், சோப்புக் கட்டியை இடுக்கில் வைக்கிறோம், பாச்சை உருண்டைகளை அள்ளிப் போடுகிறோம். நாப்தலீன் கலந்த பாச்சை உருண்டை பூச்சியை விரட்டும், ஈரத்தை விரட்டாது. அது திண்மநிலையிலிருந்து நேரே ஆவியாகி அறைக் காற்றில் கலக்கிறது. ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடும். அந்த உருண்டை வைத்த துணியில் பச்சிளங் குழந்தையைப் பொதிவது எத்துணை ஆபத்து என்பதை இளந்தாய்மார் கருத்தில் கொள்ள வேண்டும்.

எங்களுக்கு வழிகாட்டியவர் எங்கள் ஊர் ஆசாரி. அவர் அலமாரியைத் திறக்கவே இல்லை. சுவரோடு ஒட்டி நின்ற அதனை இழுத்து நகர்த்தி, பின்பலகையைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கையில் கருமை ஒட்டியது. "மணம் மரத்துல இல்ல சார், சுவருல இருக்கு" என்றார். வெளியே சென்று நோக்கினோம். மொட்டைமாடி மழைநீர்க் குழாயின் இணைப்பு விலகி, நீர் சுவரோடு வழிந்துகொண்டிருந்தது. குழாயைச் சீராக்கி, ஊறிப்போன பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசி, சுவரை உலர விட்ட பின்னரே அலமாரியின் பக்கம் திரும்பினோம்.

2022 மாசியில் அந்த வேலையைத் தொடங்கினோம். அலமாரியைத் திண்ணைக்குக் கொண்டுவந்து, கதவுகளையும் இழுப்பறைகளையும் கழற்றி நிழலில் வைத்தோம். கடும் வெயில் நேரே பட்டால் பாலிஷ் வெடித்து இணைப்புகள் பிளந்துவிடும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, பூசணத்தை ஈரத்துணியால் துடைத்தெடுத்தோம். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் நுண்வித்துக்கள் வீடெங்கும் பறக்கும். செத்த பூசணமும் இளைப்பைத் தூண்டும் என்பதால், கொன்றால் போதாது, அகற்றவே வேண்டும். பின்னர் வெள்ளை வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் உட்புறம் முழுவதும் துடைத்து, உடனே காற்றாட விட்டோம். பிளீச்சிங் கரைசலை ஆசாரி விலக்கினார். அதன் நீர் மரத்துக்குள் ஊறி மீண்டும் ஈரத்தையே தரும் என்றார். எட்டு நாள் காற்றாடிய பின்னும் இழுப்பறைகளின் அடியில் சிறிது வாடை எஞ்சியிருந்தது. பாலிஷ் காணாத பச்சைப் பலகை ஆவியை உறிஞ்சி வைத்துக்கொள்ளுமாம். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை அங்கே இருமுறை பூசினார். அந்த வாடையும் அடங்கிற்று.

சேலைகளை அக்காவே எடுத்தார். நூல் சேலைகளை வெந்நீரில் அலசி வெயிலிலும், பட்டுச் சேலைகளை நிழலிலும் உலர்த்தினார். பழைய மடிப்பில் மடிக்காமல் வேறு மடிப்பாக மாற்றி மடிக்கையில், அம்மாவின் வழக்கங்கள் ஒவ்வொன்றாகப் பேச்சில் வந்தன. ஒவ்வோர் ஆண்டும் மழை ஓய்ந்ததும் அலமாரியை ஒழித்துக் காற்றாட வைப்பது, கஞ்சியை அலசி நீக்காமல் நூல் சேலையை உள்ளே வைக்காதது, சற்றே ஈரமுள்ள துணியையும் திருப்பிக் கொடிக்கு அனுப்புவது. பேசிக்கொண்டே வந்த அக்கா நிறுத்தினார். "அம்மா இருந்த வரைக்கும் இந்த அலமாரியில இந்த வாடை வந்ததே இல்லையே" என்றார்.

எவரும் மறுமொழி கூறவில்லை. அது அம்மாவின் வாசமன்று. அம்மாவின் கை படாமல் போன மூன்றாண்டுகளின் வாசம். அக்கா ஒரு சேலையைத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். பெட்டியில் வைக்க அன்று, உடுத்துவதற்கு.

இப்போது அலமாரி அதே அறையில், சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி நிற்கிறது. துணிகளை நெருக்கி அடுக்குவதில்லை. உள்ளே வெட்டிவேர்க் கட்டு ஒன்று கிடக்கிறது. எல்லாம் உலர்ந்த பின்னரே அதை வைத்தோம். மகளின் இளைப்பு அடியோடு நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டோம். அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இரவில் எழுந்து உட்காரும் நாள்கள் குறைந்திருக்கின்றன.

நாம் நேசித்தவர்களின் பொருள்களைப் பூட்டி வைப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை என எண்ணுகிறோம். பூட்டிய பொருளை ஈரம் உடைமையாக்கிக்கொள்கிறது. அவர்கள் அப்பொருளை எவ்வாறு பேணினார்களோ அவ்வாறே நாமும் பேணுவதுதான் நினைவு கூர்தல். மழை ஓய்ந்ததும், ஒரு நல்ல நாள் பார்த்து, கதவுகளை அகலத் திறந்து வைப்போம்.