வேலையே விளையாட்டு

போன மாதம் ஒரு ராத்திரி, நெதர்லாண்ட்ஸின் ரோட்டர்டாமிலிருந்து செக் நாட்டின் ப்ராக் நகரத்துக்கு ஆப்பிள் ஏற்றிக்கொண்டு லாரி ஓட்டிப் போனேன். நல்ல மழை. வைப்பர் போடவேண்டும் என்று தோன்றவே கொஞ்ச நேரம் ஆனது. ஒரு சிக்னலில் சிவப்பைக் கவனிக்காமல் தாண்டியதற்கு அபராதம் பிடுங்கினார்கள். ஹெட்லைட் போடாததற்கு இன்னொன்று. கடைசியில் குடோன் வாசலில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்து கோட்டுக்குள் நிறுத்த மட்டும் இருபது நிமிடம்.

இத்தனைக்கும் எனக்கு சைக்கிள் தவிர வேறு எதுவும் ஓட்டத் தெரியாது. அதோடு, அன்றைக்கு என் வலது கால் முழங்காலிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டில் இருந்தது.

பயப்படாதீர்கள். எல்லாம் லேப்டாப்பில்.

பாத்ரூமில் வழுக்கி விழுந்து, ஆறு வாரம் படுக்கை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெங்களூரிலிருந்து மகள் ஓடி வந்தாள். ரெண்டு நாள் இருந்துவிட்டுக் கிளம்பும்போது தன்னுடைய பழைய லேப்டாப்பை என் மடியில் வைத்தாள்.

"சும்மா மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டே படுத்திருக்காதீங்க. மூணு கேம் போட்டு வெச்சிருக்கேன்."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்ப்பா. சுடுறது, வெட்டுறது எதுவும் கிடையாது. ஒண்ணுல லாரி ஓட்டணும். ஒண்ணுல தண்ணி பீய்ச்சி அழுக்கைக் கழுவணும். இன்னொண்ணுல கவுன்ட்டர்ல உட்கார்ந்து பேப்பர் செக் பண்ணணும்."

"இதெல்லாம் வேலைம்மா. இதுல விளையாட்டு எங்க இருக்கு?"

"ஆடித்தான் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

நீங்களே சொல்லுங்கள். முப்பத்து மூன்று வருடம் அரசாங்க ஆபீஸில் பேப்பர் செக் பண்ணி ஓய்வு பெற்றவனுக்கு, பொழுது போக்க பேப்பர் செக் பண்ணும் விளையாட்டு! ஹோட்டல் மாஸ்டருக்கு லீவு நாளில் தோசைக்கல்லைப் பரிசாகக் கொடுத்த மாதிரி.

வீடியோ கேமுக்கும் எனக்கும் ஒரு பழைய பகை வேறு உண்டு. 90-களின் கடைசியில் கையடக்கமாக 'பிரிக் கேம்' என்று ஒன்று வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மேலேயிருந்து கட்டைகள் விழும். திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் மறைந்துவிடும். மகள் பத்தாவது படிக்கும்போது அதைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். 'படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு இந்த வெட்டி வேலை?' பரீட்சை முடிந்ததும் தருவதாகச் சொன்னேன். தரவில்லை. அவளும் கேட்கவில்லை.

அந்த ஆட்டத்தின் மூலம் 'டெட்ரிஸ்'. 1984-ல் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் அகாடமியின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது. எலெக்ட்ரானிகா 60 என்ற அந்த ஆபீஸ் மெஷினில் படம் வரையவே வசதி கிடையாது. அதனால் எழுத்தில் போடும் அடைப்புக்குறிகளையே கட்டையாக வைத்து ஒப்பேற்றினார். அரசாங்கச் சொத்து என்பதால் அவருக்கு ராயல்டி வர 1996 ஆனது. ஆக, நான் 'வெட்டி வேலை' என்று பூட்டி வைத்தது ஒரு சக அரசு ஊழியரின் கைவேலை! இது தெரிய எனக்கு ஒரு கால் உடைய வேண்டியிருந்தது.

சரி, லாரிக்கு வருகிறேன்.

'யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2' என்பது அதன் பெயர். ப்ராக் நகரத்து எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் 2012-ல் வெளியிட்டது. ஐரோப்பாவின் சாலைகளைக் கிட்டத்தட்ட பத்தொன்பதில் ஒரு பங்காகச் சுருக்கி உள்ளே வைத்திருக்கிறார்கள். முதலில் அடுத்தவர் லாரியில் கூலிக்கு ஓட்ட வேண்டும். அப்புறம் பேங்க்கில் கடன் வாங்கி சொந்த லாரி. ரொம்ப நேரம் தூங்காமல் ஓட்டினால் டிரைவர் கொட்டாவி விடுகிறார், திரை இருண்டு இருண்டு தெளிகிறது. ஓரங்கட்டித் தூங்கியே ஆக வேண்டும். ரேடியோ போட்டால் அந்தந்த ஊர் எஃப்.எம். பாடுகிறது.

முதல் நாள், 'இதில் என்ன இருக்கிறது?' என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் நேராகப் போகிறது ரோடு. எதிரி இல்லை, பரிசு இல்லை. மூன்றாம் நாள் மனைவி, "காபி ஆறிப்போகுது" என்று மூன்று தரம் சொல்லிவிட்டு, "இப்போ எந்த ஊர்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். "ஜெர்மனி தாண்டிட்டேன்" என்றேன், ஏதோ மதுரை தாண்டிய மாதிரி. படுக்கையிலிருந்து பாத்ரூமுக்குப் போகவே ஆள் துணை தேவைப்பட்ட நாட்களில், தினம் ஐநூறு கிலோமீட்டர் போய்வந்தேன். அந்தச் சுகம் அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, 'பவர்வாஷ் சிமுலேட்டர்'. இங்கிலாந்தில் ஃப்யூச்சர்லேப் என்ற நிறுவனம் செய்தது. முழு வடிவில் 2022-ல் வந்தது. கையில் தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கி. எதிரே அழுக்கு. அவ்வளவுதான் கதை. முதலில் உங்கள் சொந்த வேனைக் கழுவ வேண்டும். அப்புறம் தோட்டம், பூங்கா என்று போய், செவ்வாய் கிரகத்து ரோவர் வண்டி வரைக்கும் கழுவக் கூப்பிடுகிறார்கள். ஒரு பாகம் சுத்தமானதும் மின்னி, 'டிங்' என்று ஒரு சத்தம். அந்த 'டிங்'குக்காக ராத்திரி பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

சிரிக்காதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களே இதை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 39 நாடுகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம், ஆடும்போதே நடுநடுவில் 'இப்போது மனசு எப்படி இருக்கிறது?' என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு முதல் கால் மணி நேரத்துக்குள்ளேயே மனசு கொஞ்சம் லேசாகிவிட்டதாம்.

எனக்குக் காரணம் விளங்கியது. முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு வேலையாவது முழுசாக முடிந்து நான் பார்த்ததில்லை. ஃபைல் என் மேஜைக்கு வரும், குறிப்பு எழுதுவேன், மேலே போகும், கேள்வியோடு கீழே வரும். ஓய்வு பெற்ற அன்று மாலை மரியாதையெல்லாம் நடந்தபோதுகூட மேஜையில் பதினாலு ஃபைல் இருந்தது. இங்கேயோ நூறு சதவிகிதம் என்று திரையில் போட்டுக் காட்டுகிறான். என் வாழ்க்கையில் முதல் 'டிங்'!

மூன்றாவதைத் தொடாமலே நாலு வாரம் ஓட்டினேன். ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம் கரண்ட் போய், லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. திறந்தேன்.

'பேப்பர்ஸ், ப்ளீஸ்.' லூகாஸ் போப் என்ற அமெரிக்கர், ஜப்பானில் வசித்தபோது கிட்டத்தட்டத் தனி ஆளாகச் செய்து 2013-ல் வெளியிட்டது. ஊர் ஊராகப் பயணம் போனபோது, குடியேற்றக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு உதித்த யோசனை. பத்து வருடத்தில் ஐம்பது லட்சம் பிரதிகள் விற்றிருக்கிறது.

வருடம் 1982. ஆர்ஸ்டோட்ஸ்கா என்று ஒரு கற்பனை தேசம். அதன் எல்லையில் ஒரு கூண்டு. உள்ளே நீங்கள். ஒவ்வொருவராக வந்து பாஸ்போர்ட்டை நீட்டுவார்கள். தேதி காலாவதியா? ஊர்ப் பெயர் சரியா? போட்டோவில் இருப்பது இவர்தானா? சரியென்றால் பச்சை முத்திரை, தப்பென்றால் சிவப்பு. தினமும் காலையில் புது சர்க்குலர். நேற்று செல்லுபடியான பேப்பர் இன்று செல்லாது. தலைக்கு இவ்வளவு என்று கூலி. தப்பாக ஒருவரை அனுப்பிவிட்டால் பக்கத்து மெஷின் கரகரவென்று ஒரு சீட்டைத் துப்பும். முதல் இரண்டு எச்சரிக்கை, அப்புறம் சம்பளத்தில் பிடித்தம். சாயந்திரம் கணக்குப் பார்த்தால் வாடகை, சாப்பாடு, குளிருக்கு ஹீட்டர். வீட்டில் மனைவி, மகன், மாமியார், ஒரு மாமா.

வாய்விட்டுச் சிரித்தேன். அந்தக் காலைநேர சர்க்குலர் இருக்கிறதே, அதை எழுதியவர் எங்கள் ஆபீஸில் இருந்திருக்க வேண்டும். ஒரு கிழவர் பாஸ்போர்ட்டே இல்லாமல் வருகிறார். திருப்பி அனுப்பினால் கோபமே இல்லை. மறுபடி வரும்போது இல்லாத ஒரு தேசத்தின் பெயரில், தானே கையால் செய்த பாஸ்போர்ட்டை நீட்டுகிறார்! இந்த ரகத்தையெல்லாம் நான் நேரில் பார்த்திருக்கிறேன். எனக்கு எல்லாம் அத்துப்படி. மற்றவர்கள் திணறுகிற ஆட்டத்தில் நான் மளமளவென்று முத்திரை குத்தினேன்.

ஐந்தாம் நாள் வந்தது.

ஒருவர் வந்தார். பேப்பர் எல்லாம் கச்சிதம். போகும்போது, 'எனக்குப் பின்னால் என் மனைவி வருகிறாள். கொஞ்சம் தயவு பண்ணுங்கள்' என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். அடுத்து அந்த அம்மாள். பாஸ்போர்ட் இருக்கிறது. நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. கேட்டால், கொடுக்க மறுத்துவிட்டார்கள், திரும்பிப் போனால் என்னைக் கொன்றுவிடுவார்கள் என்கிறார்.

ஒரே ஒரு பேப்பர்.

என் கை சிவப்பு முத்திரைக்குத்தான் போனது. பழக்கம். குத்துவதற்கு முன்னால் நின்றுவிட்டேன். எனக்கு வேறொரு அம்மாள் ஞாபகம் வந்துவிட்டார்.

எந்த ஆபீஸ், எந்த வருடம் என்று கேட்காதீர்கள். பென்ஷன் செக்‌ஷன். கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியம் கேட்டு வந்தவர். கணவரின் பணிப்பதிவேட்டில் அவர் பெயர் 'அம்மாள்' என்று முடிகிறது. ரேஷன் கார்டில் 'அம்மா' என்று முடிகிறது. ஒரு 'ள்' இல்லை. இருவரும் ஒருவரே என்று சான்று வாங்கி வரச் சொன்னேன். வி.ஏ.ஓ.விடம் வாங்கி வந்தார். இது போதாது, தாசில்தார் தர வேண்டும் என்றேன். மூன்றாவது தடவை அதையும் வாங்கி வந்தார். இரண்டு பஸ் மாறி வருகிறவர். முத்திரை சரியாகப் பதியவில்லை. திருப்பிக் கொடுத்தேன்.

"இது நான்தாங்க ஐயா. நான்தான் வந்திருக்கேன்" என்றார்.

"நீங்கதாம்மா. பேப்பர் சொல்லணுமில்ல" என்றேன்.

நாலாவது தடவை அவர் வரவில்லை. நான் அந்த செக்‌ஷனில் இருந்தவரை வரவில்லை.

பிரிண்டர் எதுவும் எனக்கு சீட்டுத் துப்பியிருக்காது. ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருந்தால் அதிகாரி கையெழுத்துப் போட்டிருப்பார். எனக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. மாறாக நல்ல பெயர் இருந்தது. 'இவர் கையைத் தாண்டி ஒரு தப்புப் போகாது' என்பார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன்.

லேப்டாப்பில் பச்சை முத்திரையைக் குத்தினேன். அந்த அம்மாள் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார். கரகரவென்று சீட்டு வந்தது. எச்சரிக்கை இரண்டும் ஏற்கெனவே தீர்ந்திருந்ததால் சம்பளத்தில் பிடித்தம். அன்றைக்கு ராத்திரி வீட்டில் ஹீட்டர் போடக் காசு போதவில்லை. திரையில் குடும்பமே குளிரில் இருப்பதாகக் காட்டியது. நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளையாட்டு என்றால் வேலையிலிருந்து தப்பித்து ஓடுவது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மகளிடமிருந்து பிடுங்கிப் பூட்டியதும் அதனால்தான். இங்கே ஒருவன் என் வேலையையே எடுத்து, கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரின் முகத்தையும் கூடவே வைத்து, என் மடியில் கொடுத்துவிட்டான். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், முதல் நாலு நாள் ரொம்ப. ஐந்தாம் நாளுக்கு வேறு வார்த்தை தேட வேண்டும். ஆனால் மூடி வைக்க மனசு வரவில்லை.

அந்த ஆட்டத்தில் ஒரு வசதி உண்டு. பிடிக்கவில்லையென்றால் முன்னால் ஆடிய எந்த நாளுக்கும் திரும்பிப் போய் அங்கேயிருந்து மறுபடி ஆடலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் போன் பண்ணினாள். மாவுக்கட்டு பிரித்தாயிற்று, வாக்கிங் ஸ்டிக்கோடு நடக்கிறேன் என்றேன். பீரோவைக் குடைந்ததில் அந்த பிரிக் கேம் கிடைத்தது, பேட்டரி கசிந்து பச்சைப் பிடித்திருக்கிறது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அதை இன்னும் வெச்சிருக்கீங்களா?" என்றாள்.

"துடைச்சு வெச்சிருக்கேன். வரும்போது எடுத்துக்கோ."

"சரி, பேப்பர்ஸ் ப்ளீஸ் எங்க வந்திருக்கீங்க? மொத்தம் முப்பத்தொரு நாள்ப்பா அது."

"அஞ்சாம் நாள்."

"இன்னுமா? போன வாரமும் அதானே சொன்னீங்க! அங்க என்ன கஷ்டம்? ஈஸியா தாண்டிடலாமே."

"தாண்டிடலாம்மா" என்றேன். "இன்னும் ரெண்டு தடவை ஆடிட்டுத் தாண்டுறேன்."