தை மாதத்து டியூப்

“தினமும் போடுறேன் டாக்டர்” என்று நான் சொன்னது பொய். வாய் தவறி ஒரு தடவை வந்துவிட்ட பொய்யும் இல்லை. போகும்போதெல்லாம் அவர் கேட்பார், நானும் கண்ணைப் பார்த்தே அதைச் சொல்வேன். கேட்டவர் தோல் மருத்துவர். கேட்டது சன்ஸ்க்ரீனைப் பற்றி. இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு இருந்தது.

இரண்டாவது பிரசவத்துக்கு முன்பே இரண்டு கன்னத்திலும் மங்கு விழ ஆரம்பித்தது. கர்ப்ப காலத்தில் வருவது பலருக்குத் தானாகவே மங்கிப் போகும். எனக்குப் போகவில்லை. ஜாதிக்காய் இழைத்துப் போட்டேன், யார் யாரோ சொன்னதையெல்லாம் தடவினேன், கடைசியில்தான் டாக்டரிடம் போனேன். இரவுக்கு ஒரு கிரீம், காலையில் சன்ஸ்க்ரீன் என்று எழுதிக் கொடுத்தார். வெயிலைத் தடுக்காமல் கிரீம் மட்டும் போட்டால் மங்கு போகாது என்று அன்றைக்கே சொன்னார். நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இரவு கிரீமை ஒருநாள்கூட விடவில்லை, அது மருந்தாயிற்றே. சன்ஸ்க்ரீனை மட்டும் மனசு மேக்கப் சாமானோடு சேர்த்துவிட்டது. 50 கிராம் டியூப் ஐந்நூறு ரூபாய்க்கு மேல். ஒரே ஒரு முகூர்த்தத்துக்குக் கட்டிவிட்டு பீரோவில் வைக்கப்போகும் பட்டுச்சேலைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க யோசிக்காதவளுக்கு, இதைப் பிதுக்கும்போது மட்டும் கை இழுக்கும். ஒரு மிளகளவு எடுத்து, முகத்தில் அங்கங்கே பொட்டு வைத்து, முடிந்தவரை இழுத்துத் தேய்ப்பேன். கழுத்து, காது, புறங்கை எதுவும் கணக்கிலேயே கிடையாது. மேகம் போட்டிருந்தால் லீவு, ஞாயிற்றுக்கிழமை லீவு. கொஞ்சம் கூடப் போட்டால் முகம் சுண்ணாம்படித்த சுவர் மாதிரி ஆகிறது என்பது என் கைவசம் இருந்த சாக்கு. அது சாக்குதான். வெள்ளை படியாத ஜெல் வகைகள் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கின்றன.

டியூபில் எஸ்பிஎஃப் 50 என்று போட்டிருக்கிறது, பாதி போட்டாலும் 25 கிடைத்துவிடும் என்று ஒரு கணக்கும் வைத்திருந்தேன். அந்த 50 என்ற எண்ணை ஆய்வுக்கூடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் அப்பிப் பார்த்துத்தான். நான் தேய்த்த அளவுக்கு அந்த எண்ணோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. சரியான அளவில் போட்டால் எஸ்பிஎஃப் 30, வெயிலில் தோலைச் சுடும் யுவிபி கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காகக் கடையில் நின்று தேடித்தேடி 50 வாங்கியவள், வீட்டுக்கு வந்து மிளகளவு போட்டேன்.

ஆபீஸில் என் மேஜை ஜன்னலோரம். கண்ணாடி இருக்கிறதே, ஏசி வேறு ஓடுகிறதே, உள்ளே என்ன வெயில் என்று மதியம் மறுபடி போட்டதே இல்லை. ஜன்னல் கண்ணாடி யுவிபியைப் பெரும்பாலும் நிறுத்திவிடும், அதனால் தோல் எரியாது. யுவிஏ கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும். தோலைக் கறுக்க வைப்பதிலும் சுருக்கம் விழ வைப்பதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2012-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த படத்தைப் பின்னால் பார்த்தேன். 28 வருடம் சரக்கு லாரி ஓட்டிய 69 வயதுக்காரர். ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னத்தில் தோல் தடித்து, மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. வலது கன்னம் வேறு ஆளுடையது போல இருக்கிறது. எஸ்பிஎஃப் எண் முக்கியமாகச் சொல்வது யுவிபி கணக்கு. யுவிஏவுக்கு டியூபில் பிஏ என்று போட்டு பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மங்கு இருப்பவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே ஆகாது. அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, லேசாக நிறமுள்ள சன்ஸ்க்ரீன்தான் அதைத் தடுக்கும். டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்தது அந்த வகை. விலை கூட என்று வேறு வாங்கினேன். அதையும் சொல்லவில்லை.

பொய்யின் பலன் முகத்தில் வந்தது. தினமும் சன்ஸ்க்ரீன் போட்டும் மங்கு குறையவில்லையே என்று நினைத்த டாக்டர், இரவு கிரீமை வீரியமானதாக மாற்றினார். ஸ்டீராய்டும் கலந்த கிரீம், சில வாரங்களுக்கு மட்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். கெடு முடிந்த பிறகும் நானே கடையில் கேட்டு வாங்கிப் போட்டேன். அந்த மாதிரி கிரீம் போட்ட தோலை வெயில் இன்னும் வேகமாகத் தாக்கும். முகம் சிவந்தது, தண்ணீர் பட்டால் எரிந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அதைவிடக் கேவலம், அந்த டாக்டர் மருந்து நமக்குக் கேட்கவில்லை என்று ஆபீஸில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதுதான் கை கூசுகிறது.

ஆடி மாதம் ஒருநாள், போடும் கிரீம் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பையிலிருந்து எடுத்து வைத்தேன். சன்ஸ்க்ரீன் டியூபைக் கையில் எடுத்து, அடிப்பக்கம் அழுத்திப் பார்த்தார். தொப்பை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“இது எப்ப வாங்கினது?”

“பொங்கல் சமயம் டாக்டர்.”

அவர் திட்டவில்லை. மூடியைத் திறந்து, என் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை கோடு இழுத்தாற்போல் பிதுக்கினார். “முகத்துக்கும் கழுத்துக்கும் இவ்வளவு. தினமும் போட்டிருந்தா இது மாசிலயே தீர்ந்திருக்கும்” என்றார். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். எனக்கு எழுந்து போகத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வீரியமான கிரீமை நிறுத்தினார்.

கல்லூரியில் சேர்ந்த அண்ணன் மகள், “அத்தை, சன்ஸ்க்ரீன் எப்படிப் போடணும்?” என்று ஒரு சமயம் கேட்டபோது, விவரம் தெரிந்தவள் மாதிரி “மிளகளவு போதும்டி” என்று சொல்லியிருந்தேன். கூப்பிட்டு, சொன்னது தப்பு என்றேன். “தெரியும் அத்தை, நான் அப்பவே கேக்கல” என்றாள். பிறகு ஒழுங்காகச் சொன்னேன். முகம் கழுவி, தோல் வறண்டால் மாய்ஸ்சரைசர், கடைசியாக சன்ஸ்க்ரீன், பவுடர் அதற்கும் மேல்தான். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னால். வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. எஸ்பிஎஃப் 30, பிஏ மூன்று கூட்டல் இருந்தாலே போதும். நம்ம கறுப்புத் தோலுக்கு எதற்கு என்று அவள் அப்பா கேட்பார். கறுப்பு நம்மைச் சுடாமல் ஓரளவு காக்கும், மங்கிலிருந்து காக்காது. மங்கும் பரு போன தழும்பும் நம் தோலில்தான் ஆழமாகப் பதியும்.

என் மங்கு வெளிறியிருக்கிறது, போகவில்லை. சித்திரை வெயிலில் மறுபடி எட்டிப் பார்க்கிறது. போன ஞாயிற்றுக்கிழமைகூட நான் எதுவும் போடவில்லை. இப்போது அதையும் டாக்டரிடம் சொல்கிறேன்.

புது டியூபைத் திறக்கும் அன்றே அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள். ஒரு ஆள், தினமும் ஒரு வேளை, முகத்துக்கும் கழுத்துக்கும் போட்டால் 50 கிராம் இரண்டு மாதம் தாண்டாது. தாண்டினால் அளவு போதவில்லை. டாக்டர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.