ஐந்து, ஏழு, மூன்று

பொத்தேரிக்கும் காட்டாங்குளத்தூருக்கும் நடுவே, பிளாட் போட்டுக் கல் நட்டும் இன்னும் வீடு வராத ஒரு லே-அவுட். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே செம்மண் பறக்கும். ஒரு முழத்துக்குச் சற்று அதிக நீளம், மூன்று கிலோவுக்கு மேல் எடை, 3.5 சி.சி. எஞ்சின், கையில் ரிமோட். எட்டில் ஒரு பங்கு அளவில் செய்த பந்தய பக்கிகள் அவை. (பக்கி என்று தமிழில் எழுதினால் ஹாஸ்டலில் வேறு அர்த்தம். காரைத் திட்டுகிறார்களா ஓட்டுகிறவனையா என்பது கடைசி வரை தெரியாது :-) )

அந்த ஐந்து கார்களில் ஒன்று ஒரு பி.காம். மாணவனுடையது. மெக்கானிக்கல் படித்த ஒரு சீனியரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் மொத்தமும் அதில் போய்விட்டது. சீனியருக்கு வேலை கிடைத்து ஊரைக் காலி செய்ய மூன்று வாரம்தான் இருந்தது. அதற்குள் அவரோடு ஒரு ரேஸாவது ஒழுங்காக ஓட்ட வேண்டும் என்பது பையனின் ஆசை. ஆனால் ஸ்பேர் வாங்கக் காசு கிடையாது. ஏதாவது உடைந்தால் அந்த செமஸ்டருக்கு அத்தோடு முடிந்தது.

கார் கைமாறும்போது கூடவே ஒரு காகிதமும் வந்தது. அதில் "5-7-3" என்று மட்டும் எழுதியிருந்தது.

அது என்ன என்று சொல்லிவிட்டு மேலே போகலாம். பள்ளிக்கூட அணிவகுப்பு ஞாபகம் இருக்கிறதா? வரிசை திரும்பும்போது உள்பக்கம் இருப்பவன் நின்ற இடத்திலேயே கால் மாற்றுவான், வெளிப்பக்கம் இருப்பவன் எட்டி எட்டி வைப்பான். காரின் சக்கரங்களுக்கும் அதே கதைதான். இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல். ஆட்டோவிலும் இருக்கிறது, லாரியிலும் இருக்கிறது. அதில் ஒரு வில்லங்கமும் உண்டு. ஒரு சக்கரம் பிடிப்பில்லாமல் மண்ணில் சும்மா சுற்ற ஆரம்பித்தால், எஞ்சினின் சக்தி முழுக்க அந்தப் பக்கமே வழிந்து போய்விடும். அதனால் பந்தய பக்கியில் பெட்டியை மூடி, உள்ளே கெட்டியான சிலிகான் எண்ணெய் விடுகிறார்கள். இரு பக்கமும் வேறு வேகத்தில் சுற்ற முயன்றால் எண்ணெய் இழுத்துப் பிடிக்கும். எண்ணெய் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு இறுக்கம்.

நான்கு சக்கரமும் இழுக்கிற பக்கியில் இப்படி மூன்று பெட்டிகள். முன்னால் 5000, நடுவில் 7000, பின்னால் 3000. இதுதான் அந்த ஐந்து, ஏழு, மூன்று. எண்கள் சென்டிஸ்டோக் என்ற அளவில். தண்ணீர் 1, விளக்கெண்ணெய் அறை வெப்பத்தில் 600, 700 பக்கம், தேன் சில ஆயிரம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு பிடிபடும்.

பையன் முதலில் போனது ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டூவீலர் மெக்கானிக்கிடம். "கியர் ஆயில்தானே தம்பி, தொண்ணூறு ஊத்து" என்றார் அவர். அவர் மேல் தப்பில்லை. ஆனால் அந்தத் தொண்ணூறு வேறு அளவுமுறை. சென்டிஸ்டோக்கில் பார்த்தால் 40 டிகிரியில் 200 பக்கம்தான் தேறும். அதை ஊற்றுவதும் ஊற்றாமல் விடுவதும் ஏறக்குறைய ஒன்று.

சரியான எண்ணெய்க்கு சென்னைக்குள் ஒரு ஹாபி கடைக்கு ரயில் ஏறினான். மூன்று பாட்டில் வாங்கப் பணமில்லை, இரண்டுக்குத்தான் இருந்தது. 1000 ஒன்று, 10000 ஒன்று வாங்கினான். கலந்துகொண்டால் போகிறது! 5000 வேண்டுமா? பத்தாயிரத்தில் 44 சதவீதம், ஆயிரத்தில் 56 சதவீதம். பி.காம். மூளை ரயிலிலேயே விகிதம் போட்டுவிட்டது. நகை நிறுக்கிற மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் தராசை இரவல் வாங்கி, கிராம் சுத்தமாகக் கலந்தான். எண்ணெய் சூட்டில் விரியும், முட்ட ஊற்றினால் ஒழுகும் என்பதால் பெட்டியில் கொஞ்சம் இடம் விட்டு மூடினான்.

முதல் ஞாயிறு கார் நன்றாகவே ஓடியது. வளைவுகளில் சொன்ன பேச்சைக் கேட்டது. நேர்ப்பாதையில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் முன் சக்கரங்கள் வீணாகச் சுற்றின. சீனியர் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது அஞ்சு ஏழு மூணு இல்லடா."

"இல்லண்ணா, ஆவரேஜ் போட்டுத்தான் கலந்தேன்."

"என்ன ஆவரேஜ்?"

அறைக்குப் போய் சீனியர் தன் பழைய 5000 பாட்டிலின் அடியில் மிச்சம் இருந்ததை எடுத்தார். ஹோமியோபதி மாத்திரைக் குப்பி ஒரே அளவில் இரண்டு. ஒன்றில் கடை எண்ணெய், இன்னொன்றில் பையன் கலந்த 5000. மேலே அதே அளவு காற்று விட்டு மூடி, இரண்டையும் ஒன்றாகத் தலைகீழாக்கினார். காற்றுக்குமிழி கெட்டியான எண்ணெயில் மெதுவாகத்தான் ஏறும். பையனின் குமிழி மேலே போய்ச் சேர்ந்தபோது கடை எண்ணெயின் குமிழி பாதி வழிதான் தாண்டியிருந்தது.

காரணம் இதுதான். எண்ணெயின் கெட்டித்தன்மை கூட்டி வகுக்கிற சராசரிக்குக் கட்டுப்படாது. 1000, 10000 இரண்டையும் சரிபாதி கலந்தால் 5500 வராது, ஏறத்தாழ 3200தான் வரும். அதாவது பெருக்குச் சராசரி. வணிகப் புள்ளியியல் தாளில் வளர்ச்சி விகிதத்துக்குப் போடுவோமே, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவோமே, அதே சமாச்சாரம்! அந்தக் கணக்கில் 5000 வேண்டுமென்றால் பத்தாயிரம் 70 சதவீதம் போட வேண்டும். 7000க்கு 85 சதவீதம். 3000க்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. இது தோராய விதிதான் என்றாலும் சிலிகான் எண்ணெய்க்கு வேலைக்கு ஆகும். பையன் 5-7-3 என்று நம்பி ஓட்டியது உண்மையில் 2800-4600-1700 பக்கம்.

அந்த வாரமே எல்லாவற்றையும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி (ரப்பர் வளையங்களை முதலில் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊறி உப்பிவிடும்), புதுக் கணக்கில் கலந்து நிரப்பினான். இரண்டாவது ஞாயிறு அசல் 5-7-3 களமிறங்கியது.

கார் இரண்டு முறை குட்டிக்கரணம் அடித்தது. இடது வளைவில் சரளை உதிர்ந்து கிடக்கும் இடத்தில் பின்பக்கம் வழுக்கிச் சுற்றியது. இரண்டாவது தடவை பின் சக்கரத்தைத் தாங்கும் கை உடைந்தது. டியூஷன் பையன் ஒருவனின் அப்பாவிடம் அடுத்த மாதக் காசை முன்கூட்டியே கேட்க வேண்டியதாயிற்று. அதில் உள்ள கூச்சம் கேட்டவனுக்குத்தான் தெரியும்.

ஆக, தப்பான கணக்கில் வந்த எண்ணெய்தான் அந்த மண்ணுக்குச் சரியாக இருந்திருக்கிறது. 5-7-3 என்பது நன்றாக இறுகி, டயர் கவ்விப் பிடிக்கிற தளத்துக்குத் தோதான எண். உதிரி மண்ணில் பின்பெட்டி இறுக்கமாக இருந்தால் வளைவில் பின்சக்கரம் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றப் பார்க்கும். பக்கவாட்டுப் பிடிப்பு போய்விடும். இளக்கினால் தனித்தனியாகச் சுற்றித் தரையைப் பிடிக்கும். முன்பெட்டியை இளக்கினால் வளைவுக்குள் மூக்கு எளிதாக நுழையும். ஆனால் வளைவை விட்டு வெளியே வரும்போது முன்சக்கரங்களின் இழுவை குறையும். நடுப்பெட்டி இளகலாக இருந்தால் கரடுமுரடான தளத்தில் ஓட்டுவது சுலபம். ரொம்ப இளகினால் முதல் ஞாயிறு பார்த்தோமே, முன்சக்கரம் காற்றில் மாவாட்டும்.

இதை வைத்து 3-5-2 என்று முடிவு செய்தார்கள். அப்போது சீனியர் இன்னொரு விஷயத்தைக் கிளப்பினார். கடைசி ரேஸ் மே மாதம், மதியம் மூன்றரைக்கு. இதுவரை ஓட்டியதெல்லாம் காலை ஆறரைக்கு.

பாட்டிலில் போட்டிருக்கும் எண் 25 டிகிரிக்கு. சிலிகான் எண்ணெய் சூட்டில் மற்ற எண்ணெய்கள் அளவுக்கு இளகாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனாலும் இளகும். 38 டிகிரியில் இருக்கும் கெட்டி, 99 டிகிரியில் ஐந்தில் இரண்டு பங்காகிவிடும். பெட்டி 60 டிகிரியைத் தொட்டால் 5000 என்று ஊற்றியது ஏறத்தாழ பாதியாகத்தான் வேலை செய்யும். ஜப்பானிலோ ஐரோப்பாவிலோ 20 டிகிரியில் ஓட்டி எழுதிய எண்ணைக் கத்திரி வெயிலுக்கு அப்படியே எடுக்க முடியாது. அதிலும் அதிகம் சுடுவது நடுப்பெட்டி. எஞ்சின் பக்கத்தில் இருக்கிறது, பிரேக் தட்டுகளும் அதன் இரு பக்கமும்தான். மண் இளக்கச் சொல்கிறது, வெயில் இறுக்கச் சொல்கிறது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாதாடினார்கள். டீ இரண்டு முறை வந்தது.

கடைசியில் பையன்தான் சொன்னான், "நடுவுல கை வைக்க வேணாம்ணா. ஏழாயிரமே இருக்கட்டும். எப்படியும் சூட்டுல இறங்கிடும். முன்னாலயும் பின்னாலயும் மட்டும் மாத்திடலாம்." 3-7-2. பிரிக்க வேண்டியது இரண்டு பெட்டிதான் என்பது கூடுதல் லாபம்.

பத்து நிமிட ரேஸில் முதல் இரண்டு மூன்று நிமிடம் கார் முரண்டு பிடித்தது. அழுத்தினால் மூக்கு நேராகவே போகப் பார்த்தது. பையன் அவசரப்படாமல் வளைவுகளில் விட்டுக்கொடுத்தே ஓட்டினான். நாலாவது நிமிடம் வாக்கில், நடுப்பெட்டி சூடேறியதோ என்னவோ, கார் வழிக்கு வந்தது. சரளை வளைவில் ஒரு தடவைகூடச் சுற்றவில்லை. ஐந்து பேரில் மூன்றாவது. சீனியர் இரண்டாவது. எதுவும் உடையவில்லை.

மறுநாள் காலை சீனியர் பெட்டி படுக்கையோடு பொத்தேரி ஸ்டேஷனில் நின்றபோது, "வேற ஏதாவது வேணுமாடா?" என்று கேட்டார். ரிமோட்டின் ஸ்பேர் பேட்டரியைக் கேட்பான் என்று நினைத்திருப்பார். பையன் அந்த ஹோமியோபதிக் குப்பிகள் இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.