இருக்கிறதைப் போலவே இன்னொன்று

இரண்டாவது கமரா வாங்கப்போகிறேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் இரண்டு விதமாகத்தான் விளங்கிக்கொள்கிறார்கள். ஒன்று, பழசை வித்துப்போட்டுப் புதுசு வாங்கப்போறான். இல்லாட்டி, கலியாண வீட்டு ஓடர் எடுக்கத் தொடங்கிட்டான். இரண்டும் இல்லை, இருக்கிற கமரா இருக்க, கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொரு பழைய கமரா வாங்கப்போகிறேன் என்றால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அம்மா மட்டும் நேரடியாகவே கேட்டா: “இருக்கிறது ஒண்டு காணாதே பிள்ளை? ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு கமராவோ?”

நியாயமான கேள்விதான். நான் படம் எடுத்து ஒரு சதமும் உழைப்பதில்லை. கிழமை நாட்களில் கந்தோர் வேலை. சனி, ஞாயிறில் தொண்டைமானாற்றுப் பக்கம் பறவை, ஊர்க் கோயில் திருவிழா, எங்கேயாவது கூத்து நடந்தால் கூத்து. இதற்கு ஒரு கமராவே ஆடம்பரம் என்று நினைக்கிற வீட்டில் இரண்டாவதுக்கு என்ன நியாயம் சொல்வது?

2023 இல் வடமராட்சியில் ஒரு காத்தவராயன் கூத்துக்குப் போயிருந்தேன். இரவு முழுக்க நடக்கிற கூத்து. பார்த்தவர்களுக்குத் தெரியும், கூட்டம் அரைத்தூக்கத்தில் இருந்தாலும் விடியப்புறம் காத்தவராயன் கழுவில் ஏறுகிற கட்டத்துக்கு எல்லோரும் எழும்பி உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கு ஒரு மணித்தியாலம் முதல் என் கமராவின் கண்ணாடி மேலே போய் அப்படியே நின்றுவிட்டது. வியூஃபைண்டரில் இருட்டு. திரையில் ‘எர்’ என்று ஒரு சொல். பற்றரியைக் கழற்றினேன், லென்ஸை மாற்றினேன், ஒன்றுக்கும் அசையவில்லை. ஷட்டர் போய்விட்டது என்று பிறகு கொழும்பில் சொன்னார்கள். பாகம் வெளியில் இருந்து வரவேணும் என்று கமரா ஆறு கிழமை அங்கேயே கிடந்தது.

அன்றைக்கு மிச்சத்தைப் போனில் எடுத்தேன். ‘போன்தானே உன்ர பேக்கப்’ என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் அது சரி. சில நேரம் போன் படம் என் கமராப் படத்தை விட வடிவாகவும் இருக்கும். ஆனால் மேடையில் குழல் விளக்கு, தூரத்தில் ஆடிக்கொண்டிருக்கிற ஆள், பின்னால் கறுப்புத் திரை என்றால் போன் முகத்தை மெழுகு பூசின மாதிரி ஆக்கிவிடும். அன்றைய கழுவேற்றப் படங்களில் வேடத்தைத் தெரிகிறது, ஆளைத் தெரியவில்லை.

அந்தக் காத்தவராயன் அறுபது தாண்டினவர். அடுத்த முறை மகன்தான் ஆடுவான் என்று அன்றைக்கே சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் அம்மப்பாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அடையாள அட்டைப் படம், அதைப் பெருப்பித்துச் சட்டம் போட்டது. மற்றதெல்லாம் 1995 ஒக்டோபர் 30 இரவு வீட்டோடு விட்டுவந்த அல்பத்தில். அதைத் திரும்பக் காணவேயில்லை. வலிகாமத்தில் இதே கதை இல்லாத வீடு குறைவு. படம் ஒன்று இல்லாமல் போனால் அந்த ஆளின் சிரிப்பு எப்படி இருந்தது என்று சொல்ல ஆள் தேடவேண்டி வரும் என்பதை நான் அம்மாவிடம்தான் பார்த்தேன். இதை அவவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் காசு கேட்கச் சென்ரிமென்ற் பேசுகிற மாதிரி இருக்கும். நான் சொன்னது, “ரெண்டு வருசமாச் சேர்த்த என்ர காசம்மா” என்பதுதான்.

சரி, எதை வாங்குவது? இங்கேதான் இணையத்தில் இருக்கிற அறிவுரைகள் எல்லாம் நம்மைப் புதுசுக்கு இழுக்கும். என்னிடம் இருந்தது நிக்கோன் டி7200, 2015 இல் வந்தது, நானும் இரண்டாம் கையாகத்தான் வாங்கினேன். லென்ஸ் மூன்று: 35 மி.மீ, ஒரு 70-300, பிறகு எனக்குப் பிடித்த பழைய 50 மி.மீ எஃப்1.8டி. இந்த டி வகை லென்ஸுக்குள் மோட்டர் இல்லை. கமரா உடம்புக்குள் இருக்கிற மோட்டர்தான் ஒரு சின்ன ஆணியால் அதைத் திருகி ஃபோகஸ் பண்ணும். இந்த ஒரு லென்ஸ்தான் கடைசியில் பாதி முடிவை எனக்காக எடுத்துத் தந்தது.

முதலில் மிரர்லெஸ் பக்கம் மனம் போனது. 2019 இல் வந்த இசட்50. சின்னது, பாரமில்லை. அடப்டர் போட்டால் பழைய நிக்கோன் லென்ஸ் பொருந்தும், ஆனால் என் 50 இற்கு ஓட்டோஃபோகஸ் வராது. பற்றரி வேறு, சார்ஜர் வேறு. விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2022 மார்ச்சுக்கு முதல் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதம் 350 ஐத் தாண்டிப் போனது. அதற்குப் பிறகு புதுக் கமரா என்பது கடைக் கண்ணாடிக்கு வெளியில் நின்று பார்க்கிற சாமான்தான்.

அடுத்தது டி3400, டி5300 மாதிரி மலிவான சின்ன கமராக்கள். படம் நல்ல படம்தான். ஆனால் அவற்றின் உடம்பிலும் மோட்டர் இல்லை, பற்றரியும் வேறு, கார்ட் போடுகிற இடமும் ஒன்றுதான். அதைவிட முக்கியம், டயல் ஒன்றுதான். இருட்டில் ஷட்டர் வேகத்தை ஒரு விரலாலும் அப்பச்சரை இன்னொரு விரலாலும் மாற்றிப் பழகிய கைக்கு அது நொண்டி அடிக்கிற மாதிரி இருக்கும். முதல் கமரா செத்துப்போன நிமிடத்தில், பதற்றத்தில், கையில் எடுக்கிற சாமான் இது. அந்த நேரம் எந்தப் பட்டன் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தால் அது இருந்தும் இல்லாத மாதிரித்தான்.

ஒரு நண்பன் டி750 ஐச் சொன்னான். ஃபுல் ஃபிரேம், மோட்டர் இருக்கு, பற்றரியும் அதே. ஆசை வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் என் 35 சின்ன சென்சருக்குச் செய்த லென்ஸ். அதைப் போட்டால் 24 மெகாபிக்சல் 10 ஆகச் சுருங்கிவிடும். பிறகு லென்ஸ் வாங்கவேணும், பிறகு இன்னொன்று. அது பேக்கப் இல்லை, புதுக் கடன்.

மிஞ்சினது டி7100. 2013 இன் சாமான், என்னுடையதுக்கு நேர் மூத்த அண்ணன். அதே பற்றரி, அதே இரண்டு எஸ்டி கார்ட், அதே மோட்டர், பட்டன்களும் ஏறக்குறைய அதே இடத்தில். குறை என்றால் ரோவில் தொடர்ந்து அமுக்கினால் சீக்கிரமே மூச்சு வாங்கும். பறவைக்கு அது தொல்லை. கூத்துக்குப் பரவாயில்லை.

இக்மனில் மூன்று கிழமை பார்த்து, கடைசியில் வவுனியாவில் ஒரு பெடியனிடம் வாங்கினேன். கலியாணப் படம் எடுக்கிறவர், மிரர்லெஸுக்கு மாறிவிட்டார். போகும்போது என் 50 ஐயும் லப்டொப்பையும் கொண்டுபோனேன். இரண்டாம் கை வாங்க யோசிக்கிறவர்களுக்காக நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். நிக்கோனில் படக் கோப்புக்குள்ளேயே எத்தனை தரம் ஷட்டர் அடித்தது என்ற எண் பதிந்திருக்கும், எக்சிஃப் வாசிக்கிற மென்பொருளில் திறந்தால் தெரியும். இதற்கு நிக்கோன் சொன்ன கணக்கு 150,000, அது உத்தரவாதம் அல்ல, ஒரு அளவு. அவருடையதில் 80,000 சொச்சம். அப்பச்சரை எஃப்16 இல் வைத்து வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சர் தூசி கறுப்புப் புள்ளியாய்த் தெரியும். லென்ஸை மூடி ஒரு நீள எக்ஸ்போசர் எடுத்தால் பழுதான பிக்சல் மினுங்கும். இரண்டு கார்ட் இடத்திலும் எழுதுகிறதா, பற்றரிப் பெட்டிக்குள் பச்சை பூத்திருக்கிறதா, பிடி ரப்பர் கிளம்பியிருக்கிறதா என்று பார்த்தேன். கிளம்பித்தான் இருந்தது. இந்த வகைக் கமராக்களில் அது வழமை, ஒட்டலாம். பிறகு என் 50 ஐப் போட்டேன், ‘கிர்ர்’ என்று திருகினது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு விலை பேசினது எல்லாம் ஒரு சம்பிரதாயம்.

கலியாண வீட்டுக் கமரா என்றால் அடித்து முறித்திருப்பார்கள் என்று சிலர் பயப்படுத்தினார்கள். என் எண்ணம் வேறு. நாலு வருசம் அலுமாரிக்குள் புழுங்கின கமராவை விட, ஒவ்வொரு கிழமையும் வெளியில் வந்த கமரா மேல். எங்கள் உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் சும்மா கிடக்கிறதுதான் கூடாது. அதனால் இரண்டாவதைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்துவதில்லை. சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும், மாறி மாறி வெளியில் வரும்.

வாங்கின அன்றைக்கே இரண்டு வேலை செய்தேன். இரண்டு கமராவின் மணிக்கூட்டையும் செக்கன் பிசகாமல் ஒன்றாக்கினேன், இல்லாவிட்டால் கணினியில் அடுக்கும்போது சாமி வெளிக்கிட முதலே தீர்த்தமாடிவிடும். மற்றது கோப்புப் பெயர். இரண்டும் ஒரே மூன்று எழுத்தில் தொடங்கினால் ஒன்றை மற்றது அழித்துவிடலாம். மெனுவில் அதை மாற்றலாம்.

இப்போது கூத்துக்குப் போனால் ஒன்றில் 70-300, மற்றதில் 50. புழுதியில் லென்ஸ் கழற்றுகிற வேலையே இல்லை. ஆனால் நான் நினைக்காத ஒன்றும் நடந்தது. மச்சாள் ஒருநாள் சும்மா தூக்கிப் பார்த்தவள், அதற்குப் பிறகு டி7100 ஐக் கீழே வைக்கவில்லை. நான் மேடைக்கு முன்னால் நிற்க, அவள் பின்னால் ஒப்பனைக் கொட்டிலுக்குள் போய்விடுவாள். முகத்தில் பாதிப் பூச்சோடு தேத்தண்ணி குடிக்கிற ராசா, மகனுக்குச் சலங்கை கட்டுகிற தகப்பன் எல்லாம் அவளுடைய படங்கள். என்னை அங்கே அவ்வளவு இலகுவாய் விடமாட்டார்கள்.

இதனால் பேக்கப் என்ற கணக்கு கொஞ்சம் குழம்பிப்போயிருக்கிறது. அவள் கையில் இருக்கும்போது என்னுடையது பழுதானால் பறிக்கிறதா என்று கேட்டேன்.

“கேட்டுப் பாருங்கோவன்,” என்றாள்.

அம்மா இப்போது மூன்றாவதைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறா. இந்த முறை விலையையும் சேர்த்து.