வி-ஜாயின்ட் எங்கிருந்து வந்தது?

என் தாத்தா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கல்லூரி முதலாண்டில் எம்.எஸ். பிளேட்டை அரத்தால் ராவி நான் செய்த வி-ஜாயின்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த வண்டிக்குப் போகுது?" என்று கேட்டார். எந்த வண்டிக்கும் போகவில்லை. மார்க் போட்டதும் பழைய இரும்போடு சேர்ந்துவிட்டது. அவர் போன பிறகும் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. இயந்திரவியல் படிக்க வரும் பிள்ளைக்கு எதற்கும் உதவாத ஒரு ஜாப்பை முதலில் கொடுக்கும் வழக்கம் யாருடையது?

வெள்ளைக்காரன் ரயிலோடு கொண்டுவந்தான் என்பார்கள். நான் தேடிப்போன ஓய்வுபெற்ற ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் ஒருவரும் அதிலேயே நின்றார்.

"பெரம்பூர்ல 1856லேயே பட்டறை வந்தாச்சு தம்பி. அதுக்கு மேல என்ன தேடுறீங்க?"

"ரயில்வேல அப்ரெண்டிஸ் ராவினது இன்ஜின்ல போய் உட்காருமே சார். நம்ம பசங்க ராவுறது ஸ்க்ராப்புக்குத்தானே போகுது?"

"கை பழக வேண்டாமா?"

எப்போது போனாலும் பேச்சு பெரம்பூரில்தான் வந்து முட்டும். நானும் ரயில்வே கதைகளாகவே சேர்த்தேன். நாகப்பட்டினத்துப் பட்டறை 1928இல் பொன்மலைக்கு மாறியது வரை படித்தாயிற்று. தாத்தா சொன்ன பட்டறையில் மூத்த ஃபிட்டர் பக்கத்தில் நின்று, பார்த்துப் பார்த்துத்தான் தொழில் படிந்தது. தூக்கிப்போடுவதற்கென்றே ஒரு ஜாப் அங்கே கிடையாது.

அரத்தைக் கொண்டுவந்தவரைத் தேடுவதை விட்டேன். பயிற்சியை உற்பத்தியிலிருந்து பிரித்தவர் யார் என்று தேடியபோது, வழி லண்டனுக்குப் போகவில்லை, மாஸ்கோவுக்குப் போனது. அங்கிருந்த இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியின் இயக்குநர் விக்டர் டெல்லா-வோஸ், 1868 வாக்கில் பயிற்சிக்கென்று தனிப் பட்டறைகள் அமைத்தார். தச்சு, கொல்லு, கடைசல், ஃபிட்டிங் ஒவ்வொன்றையும் தனித்தனி வேலைகளாகப் பிரித்து, எளிதில் தொடங்கிக் கடினத்துக்குப் போகும்படி அடுக்கினார். ஆளுக்கொரு பெஞ்ச், ஆளுக்கொரு கருவிப் பெட்டி. ஒரே ஆசிரியர் பலருக்கு ஒரே நேரத்தில் சொல்லித்தர முடிந்தது. நம் ஒர்க்‌ஷாப் மேனுவலின் அடுக்கும் இதே அடுக்குதான்! 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் அந்த மாதிரிகளைப் பார்த்த எம்.ஐ.டி. தலைவர் ஜான் ரங்கிள், அதே ஆண்டில் தம் நிறுவனத்தில் பட்டறை வகுப்புகளைத் தொடங்க வைத்தார்.

என்னைத் துள்ளவைத்தது இதன் மறுபாதி. டெல்லா-வோஸ் பயிற்சியோடு நிறுத்தவில்லை. அதை முடித்தவர்கள் அதே பள்ளியின் இன்னொரு பட்டறைக்குப் போனார்கள். அங்கே வெளி ஆர்டர்களுக்கு நிஜமான இயந்திரங்கள் தயாராயின.

இன்ஸ்ட்ரக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்போ கடைசியில ஜாப் மெஷினுக்குத்தானே போச்சு? நான் சொன்னது சரிதானே!" என்றார். மாஸ்கோவை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஜாப் போய்ச் சேர வேண்டிய இடம் பற்றி அவர் சொன்னது சரி.

நம் முதலாண்டுப் பட்டறைகளில் முதல் பாதி மட்டும் தங்கிவிட்டது. பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது: வி-ஜாயின்ட் இருக்கட்டும். அதற்கு அடுத்த ஜாப்பாக, கல்லூரி லேபுக்கே தேவைப்படும் ஒரு பிராக்கெட்டையோ கிளாம்ப்பையோ கொடுங்கள். செய்த மாணவரே அதைக் கொண்டுபோய் மாட்டட்டும்.