சில சமயம் கிளம்பாத எஞ்சின்

அடியோடு கெட்டுப்போன இயந்திரத்தினிடம் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அது பொய் சொல்லுவதில்லை. 'என்னால் இனி ஆகாது' என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறது. அதைக் கழற்றிப் பார்க்கலாம். இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம். ஒழுங்காக ஓடுகிற இயந்திரத்தைப் பற்றியும் பேச்சில்லை. நடுவிலே ஒரு ரகம் இருக்கிறதே, பத்து நாள் ஓடிப் பதினோராம் நாள் முரண்டு பிடித்து, பழுது பார்க்கிறவர் வந்து நின்றதும் பசுவைப் போலச் சாதுவாகிவிடுகிறதே, அதுதான் மனிதனைப் படுத்தி வைக்கிறது.

எங்கள் அத்தானின் படகு எஞ்சின் அந்த ரகம்.

அத்தான் செங்கோட்டைக்காரர். முந்திரி வியாபாரத்துக்காகக் கொல்லம் போய் அங்கேயே தங்கிவிட்டார். மலையைக் குடைந்து 1904ல் ரயில் விட்டதிலிருந்து இப்படிப் போய்த் தங்கியவர்கள் எத்தனையோ பேர். வியாபாரத்தைப் பிள்ளையிடம் ஒப்படைத்த பிறகு அவருக்கு மிஞ்சியது ஒரே ஆசை: அஷ்டமுடிக் காயலில் சாயங்காலம் படகில் போய் வருவது. பதினாறடி ஃபைபர் படகு. பின் பலகையில் நாற்பது குதிரைச் சக்தி எஞ்சின் ஒன்று தொங்கும்.

காயல் பார்ப்பதற்குச் சாந்தமாகத்தான் இருக்கும். ஆனால் நீண்டகரையில் அது கடலோடு கலக்கிறது. நீர் வற்றும் வேளையில் முகத்துவாரத்தை நோக்கி இழுவை பலமாயிருக்கும். எஞ்சின் நின்ற கார் நின்ற இடத்தில் நிற்கும். எஞ்சின் நின்ற படகு இழுத்த பக்கம் போகும். அத்தானுக்கு வயது அறுபத்தெட்டு. ஒரு தரம் மார்வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர். துடுப்புப் போடக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. இந்த நிலையில் ஒரே மாதத்தில் இரண்டு தடவை எஞ்சின் நடுக்காயலில் மௌனம் சாதித்து, மீன்காரர்கள் அவரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

"அதை வித்துட்டு வீட்டோட இருங்க" என்றாள் அக்கா.

"அதை வித்துட்டு வீட்டுல இருந்து என்ன செய்ய? சுவரையா பார்த்துக்கிட்டிருக்க?" என்றார் அத்தான்.

மூன்று நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டாள். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த பௌதிகத்தைத் தவிர எனக்கு இந்த விஷயத்தில் யாதொரு யோக்கியதையும் இல்லை. ஆனாலும் போனேன்.

அதற்குள் மூன்று வைத்தியம் ஆகியிருந்தது. முதல் மெக்கானிக் பாட்டரியை மாற்றினார். இரண்டாமவர் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார். மூன்றாமவர் பெட்ரோலைக் குற்றம் சொன்னார். அதிலும் நியாயம் உண்டு. 2025க்குள் நம் நாட்டுப் பெட்ரோலில் எதனால் 20 சதவிகிதம் கலக்கும் நிலை வந்துவிட்டது. எதனால் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. காயலோரத்தில் பாதி காலியான டாங்கில் நாள்கணக்கில் கிடந்தால் தண்ணீர் சேர்ந்து அடியில் பிரிந்துவிடக்கூடும். டாங்கைக் கழுவிப் புதுப் பெட்ரோல் ஊற்றினார். மூவருக்கும் படகுத்துறையில் எஞ்சின் பத்துக்குப் பத்துத் தடவை கிளம்பிக் காட்டிற்று. மூவரும் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். மறுபடியும் நடுக்காயலில் மௌனம்.

நான்காவதாக நீண்டகரையிலிருந்து ஒரு கிழவரை அழைத்தோம். இந்த வகை எஞ்சினுக்கும் அந்த ஊருக்கும் ஒரு வேடிக்கையான பொருத்தம் உண்டு. படகின் பின்புறம் மாட்டும் எஞ்சினை 1909 முதல் அமெரிக்காவில், மில்வாக்கி நகரில், செய்து விற்றுப் புகழ் பெற்றவர் ஓலே எவின்ரூட். பிறப்பால் நார்வேக்காரர். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கி வரத் துடுப்புப் போட்டு ஏரியைக் கடந்தாராம், திரும்புவதற்குள் அது உருகிப் போயிற்றாம். அந்த ஆத்திரத்தில் பிறந்த யோசனை என்று கதை சொல்லுவார்கள். 1953ல் இந்திய-நார்வே மீன்பிடித் திட்டம் இயந்திரப் படகுகளைக் கொண்டுவந்து இறக்கியதும் இதே நீண்டகரைப் பக்கம்தான். அந்த வருஷம் பிறந்தவர் நம் கிழவர். 1980களில் கேரளக் கடற்கரை வள்ளங்களில் பின் எஞ்சின் பரவியபோது அவர் கையில் திருப்புளி இருந்தது.

அவர் பெட்டியையே திறக்கவில்லை. "முதலாளி, கிளம்பாதப்போ அது எப்படிக் கிளம்பாது?" என்று கேட்டார்.

அத்தான் விழித்தார். கிழவர் விரலை மடக்கிச் சொன்ன கணக்கை, படகு வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால், இங்கே எழுதுகிறேன்.

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பற்றவில்லை என்றால், பெட்ரோல் அல்லது தீப்பொறி. டாங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா, பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் குமிழ் அமுக்கினால் இறுகுகிறதா, மணிக்கட்டில் கட்டும் சிவப்புக் கயிறு எஞ்சினிலிருந்து கழன்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றாலோ நோஞ்சானாகச் சுற்றினாலோ, பாட்டரி அல்லது அதன் முனைகள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டுகிற பாட்டரியை நம்பிவிடக் கூடாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது அளக்க வேண்டும். பத்துக்கும் கீழே வெகுவாக இறங்கினால் சந்தேகப்பட வேண்டும். மூன்றாவது ரகம்: விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஆனால் ஸ்டார்ட்டரிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. பலம் இருக்கிறது, உத்தரவுதான் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அப்போது ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், நியூட்ரல் ஸ்விட்ச் இவற்றைத் தேட வேண்டும்.

மூன்று மெக்கானிக்குகளில் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அத்தானுக்கும் ஞாபகமில்லை. அலைகிற படகில் இருட்டுகிற நேரத்தில் யார் கவனிப்பார்கள்?

"எழுதி வைங்க. எழுதினதுக்கு அப்புறம் என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லிக் கிழவர் போய்விட்டார். எழுதுவதுதான் என் தொழிலாயிற்றே! எட்டு நாள் அத்தானோடு படகில் போனேன். நேரம், இடம், சத்தம், விளக்கு, அதற்கு முன் கடைசியாகக் கியரை என்ன செய்தார் என்று ஐந்து பத்தி போட்டு நோட்டில் குறித்தேன். முப்பத்தொரு தடவை சாவி திருப்பியதில் ஐந்து தடவை கிளம்பவில்லை. ஐந்தும் மூன்றாவது ரகம். ஐந்தும் நடுக்காயலில். துறையில் ஒன்றுகூட இல்லை.

கிழவர் நோட்டை வாங்கிக் கடைசிப் பத்தியில் விரலை ஓட்டினார். துறைக்கு வரும்போது அத்தான் ரிவர்ஸ் போட்டுப் படகை நிறுத்துவார், பிறகு நியூட்ரல், பிறகு அணைப்பார். நடுக்காயலில் முன்னே போய்க்கொண்டிருக்கும்போதே நியூட்ரலுக்கு இழுத்து அணைப்பார். ஒரே நியூட்ரல்தான், வந்து சேருகிற வழி இரண்டு.

எஞ்சினை ஓடவிட்டு, துறையில் கட்டிய படகிலேயே முன் கியர் போடச் சொன்னார். நியூட்ரல். அணை. திருப்பு. சத்தமே இல்லை! ரிவர்ஸ் போட்டு வந்து திருப்பினால் உடனே கிளம்பிற்று. ஆறு தடவை செய்து காட்டினார். சில சமயம் செய்த குறும்பை இப்போது கேட்டபோதெல்லாம் செய்தது. உப்பு ஏறிக் கியர் கேபிள் உள்ளே இறுகியிருந்தது. முன்னேயிருந்து திரும்பும்போது ஒரு நூலளவு குறைவாக வந்து நின்றது. அந்த நூலளவில் எஞ்சின் மூடிக்குள் இருக்கும் ஸ்விட்ச் அழுந்தவில்லை. மெக்கானிக்குகள் பார்த்ததெல்லாம் ரிவர்ஸில் வந்து நின்ற படகைத்தான். அவர்கள் கண்ணுக்கு அது எப்படிக் கெட்டுத் தெரியும்?

"அந்த ஸ்விட்ச் எதுக்கு? ரெண்டு வயரையும் முறுக்கிவிட்டாத் தீர்ந்தது" என்றார் அத்தான்.

கிழவருக்கு முகம் மாறிவிட்டது. "கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆனா படகு துள்ளும், முதலாளி. நிக்கிற ஆள் தண்ணியில். பின்னாலே சுத்துறது என்ன, விசிறியா?"

அந்த ஸ்விட்ச் துரோகி அல்ல, காவற்காரன். தனக்கு வந்த செய்தி அரைகுறையாக இருந்ததால் கதவைத் திறக்க மறுத்தது, அவ்வளவுதான். நாம் தொல்லை என்று பிடுங்கி எறியப் பார்ப்பவற்றில் எத்தனை இப்படிப்பட்டவையோ!

கேபிளை மாற்றி, அளவைச் சரி செய்ய அரை நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு இரு வழியிலும் இருபது இருபது தடவை அணைத்துக் கிளப்பி நோட்டில் எழுதிய பின்புதான் கிழவர் கூலி வாங்கினார்.

நோட்டைக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன். எழுத்தை நம்புகிற குடும்பம் எங்களுடையது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்பது வரியையும் படித்தாள். பிறகு மூன்று நிபந்தனை விதித்தாள்: சிவப்புக் கயிறு எப்போதும் கையில் இருக்க வேண்டும், துடுப்புப் போடத் தெரிந்த பையன் ஒருவன் கூடப் போக வேண்டும், விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்ப வேண்டும்.

அத்தான் மூன்றுக்கும் தலையாட்டினார். முதல் இரண்டையும் இன்றுவரை காப்பாற்றி வருகிறார்.