நீருக்குள் ஒரு நடை

நாற்காலியில் அமர்ந்து தொழத் தொடங்கிய நாளை நான் மறக்கவில்லை. முந்தைய நாள் மஃரிப் தொழுகை. இரண்டாம் ரக்அத்தின் சுஜூதிலிருந்து எழ முயன்றபோது வலது முழங்கால் மறுத்துவிட்டது. கைகளை ஊன்றியபடி அங்கேயே அமர்ந்துவிட்டேன். அருகில் தொழுதுகொண்டிருந்த மருமகள் ஸலாம் கொடுத்ததும், “என்ன மாமி, என்ன ஆயிற்று?” என்று பதறி வந்து தூக்கிவிட்டாள். மறுநாள் என் முஸல்லாவின் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ஏறி நின்றது.

நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குச் சொன்ன செய்தி புகாரியில் உள்ளது. மார்க்கம் தந்த சலுகை அது. அதில் குறை காண நான் யார்? ஆயினும், நெற்றி தரையைத் தொடாமல் முடிந்த ஒவ்வொரு தொழுகையும் என் மனத்தில் ஏதோ ஒரு பாக்கியை வைத்துவிட்டே போயிற்று.

பனியன் கம்பெனியில் 22 ஆண்டுகள் செக்கிங் மேசை முன் நின்றவள் நான். திருப்பூர்ச் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூரார்க்காகச் சொல்கிறேன்: தைத்து வந்த துணியை விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்டுப்போன இடம் ஆகியவற்றைத் தேடும் வேலை அது. சரக்கு கப்பலேறும் வாரமென்றால் ஒன்றரை ஷிப்ட். சிமென்ட் தரையில் இரவு வரை நிற்க வேண்டும். இவ்வூரில் 1925இல் முதல் பின்னலாடைத் தொழிற்கூடத்தைத் தொடங்கியவர் குலாம் காதர் என்று நம் வீட்டு ஆண்கள் பெருமையோடு பேசுவார்கள். பெருமை நியாயமானதே. நின்ற கால்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

எக்ஸ்ரே எடுத்த மருத்துவர் மூட்டுத் தேய்மானம் என்றார், நடக்கச் சொன்னார். நடந்தால் வலித்தது. வலிக்கு அஞ்சி உட்கார்ந்தேன். உட்கார உட்காரத் தொடைத் தசை மெலிந்தது. மெலிந்த தசையால் மூட்டைத் தாங்க முடியவில்லை. வலி இன்னும் கூடியது. செக்குமாட்டைப் போல இந்த வட்டத்திலேயே ஓராண்டு சுற்றினேன். பிறகு என்னைப் பார்த்த பிசியோதெரபிப் பெண்மணி, “தரையில் முடியாவிட்டால் தண்ணீரில் நடங்கள், அம்மா” என்றார். தம் கைப்பேசியில் ஒரு படமும் காட்டினார்.

கண்ணாடிச் சுவருடைய ஒரு தொட்டி. அதன் அடித்தளத்தில் ஓடும் பட்டை. மார்பளவு நீரில் ஒரு முதியவர் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தார். பட்டையின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். எதிரே நீரைப் பீய்ச்சி நடையைக் கடினமாக்கலாம். பாதம் எப்படி விழுகிறது என்பதைக் கண்ணாடி வழியே பார்த்துத் திருத்தலாம். அடிபட்ட விளையாட்டு வீரர்களுக்கும், அறுவைச் சிகிச்சை முடிந்தோருக்கும், ஏன், பந்தயக் குதிரைகளுக்கும்கூட இத்தகைய கருவிகள் உள்ளனவாம். குதிரைக்குக் கிடைப்பது செக்கிங் பெண்ணுக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, கருவியின் விலையை நினைத்தால் வேண்டாம், அதன் தத்துவம் போதும் என்றார்.

தத்துவம் எளியது. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் அவருடைய எடையில் ஏறக்குறையப் பாதியைத்தான் சுமக்கின்றன. மார்பளவில் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. சுமை குறைகிறதே தவிர உழைப்பு குறைவதில்லை. காற்றைவிட நீர் 800 மடங்கு அடர்த்தியானது. ஒவ்வோர் அடியையும் அதைத் தள்ளிக்கொண்டே வைக்க வேண்டும். எனவே மூட்டு நோகாமல் தசை வேலை செய்கிறது. 1921இல் இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்த அமெரிக்கரான ரூஸ்வெல்ட், 1924இல் ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் வெந்நீர் ஊற்றுக்குச் சென்றதும் இதற்காகவே. கால்கள் முழுமையாகத் திரும்பவில்லை. ஆனால் நீருக்குள் ஊன்றுகோலின்றி நிற்க முடிந்தது. பின்னாளில் அந்நாட்டின் அதிபரான அவர், அவ்விடத்தையே வாங்கி, அவரைப் போன்றோருக்கான சிகிச்சை நிலையமாக்கினார்.

தண்ணீர் என்றதும் என் நினைவுக்கு வந்தது நொய்யல். சிறுமியாக இருந்தபோது இடுப்பளவு நீரில் அக்காவின் கையைப் பிடித்து நடந்த ஆறு அது. பின்னர் சாயப்பட்டறைகளின் கழிவு சேர்ந்து, ஒருநாள் சிவப்பும் மறுநாள் நீலமுமாக ஓடிற்று. பாசனத்துக்கென்று 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன் பிறகு கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறை கட்டாயமாகி நடந்து வருகிறது. நான் பார்த்துப் பிரித்த துணிகளின் சாயமும் அந்த ஆற்றில் போனதுதான். கால் நனைக்க ஆறிருந்த ஊரில் இப்போது நீருக்குக் கட்டணம் செலுத்தி வரிசையில் நிற்கிறேன்.

ஊருக்கு வெளியே ஒரு நீச்சல் குளத்தில் வாரம் இரு காலை வேளைகள் பெண்களுக்கு மட்டும் என்று அறிந்தோம். “இந்த வயதில் நீச்சல் குளமா?” என்றார் கணவர். வீணான விளையாட்டுகளிலிருந்து விலக்கப்பட்டவற்றுள் நீச்சல் கற்பதும் ஒன்று என்ற நபிமொழி நஸாயீயில் இருப்பதை மருமகள் எடுத்துக் காட்டினாள். அவர் பதில் சொல்லவில்லை. மறுவாரம் தாமே வண்டியை எடுத்தார். ஆனால் நான் கண்ணை மூடிக்கொண்டு போய்விடவில்லை. பயிற்சியாளர் பெண்தானா, சுற்றுச்சுவர் உயரமா, உள்ளே கைப்பேசிக்குத் தடை உண்டா என்று மருமகள் முதலில் போய்ப் பார்த்து வந்தாள். கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் நீச்சல் உடை கடையிலேயே கிடைக்கிறது.

முதல் நாள் கைப்பிடியை விடவே இல்லை. பத்து அடி நடந்ததும், வலி வரவேண்டிய இடத்தில் அது வரவில்லை என்பதை உணர்ந்தேன். அழுதேன், முகத்தில் இருந்ததெல்லாம் தண்ணீர்தானே, யாருக்கும் தெரிந்திருக்காது. முன்னோக்கி, பின்னோக்கி, பக்கவாட்டில் என்று 20 நிமிடம் நடந்தேன். படியேறி வெளியே வரும்போதுதான் பாரம் மொத்தமும் திடுமெனக் கால்களில் வந்து விழுந்தது. இத்தனையும் நாள்தோறும் சுமந்தோமா என்று வியப்பாக இருந்தது.

மிகைப்படுத்த மாட்டேன். தேய்ந்த குருத்தெலும்பை நீர் மீண்டும் வளர்க்காது. 13 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2016இல் வெளியான கோக்ரேன் மதிப்பாய்வு, முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ளோருக்கு நீர்ப்பயிற்சி வலியையும் இயலாமையையும் சிறிதளவு குறைக்கிறது என்றுதான் கூறுகிறது. அதுவும் குறுகிய காலத்துக்கு. விட்டுவிட்டால் பயனும் போய்விடும். ஆறாத புண், காய்ச்சல், வலிப்பு உள்ளோர் இறங்கக் கூடாது. இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் ரப்பர் காலணி அணிந்தே நடக்க வேண்டும். தரை கிழித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு இன்றும் தெரியாது.

நான்கு மாதங்கள் ஆகின்றன. இஷாவும் வித்ரும் இன்னும் நாற்காலியில்தான். மாலைக்குள் கால் களைத்துவிடுகிறது. ஆனால் ஃபஜ்ரின் சுன்னத் இரண்டு ரக்அத்தையும் பர்ளு இரண்டையும், அல்ஹம்துலில்லாஹ், தரையில் தொழுகிறேன். எழும்போது சுவரில் ஒரு கை வைத்துக்கொள்கிறேன்.

என்னோடு அதே மேசையில் நின்ற தோழி ஒருத்தி நேற்று வந்திருந்தாள். படியேற முடியாமல் வாசலிலேயே அமர்ந்து பேசினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த உடை தன் அளவுக்குக் கிடைக்குமா என்று மட்டும் விசாரித்தாள். வரும் செவ்வாய்க்கிழமை, இன்ஷா அல்லாஹ், வண்டியில் மூவர்.